காத்திருப்புக் காலம்

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு கால்மணி நேரம்கூட ஆகவில்லை, மை காய்ந்துவிட்டது, விரலால் தேய்த்துப் பார்த்தேன், அழியவில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் உடல்நிலையில் மாற்றம் ஏதேனும் உண்டா. முதல் வரிசையில் நான், சூசைமாணிக்கம், வயது அறுபத்தொன்பது, இல்லை. இரண்டாவது வரிசையில் என் மனைவி செசிலியா, வயது அறுபத்தைந்து, இல்லை. எனக்குப் போடும்போதாவது கொஞ்சம் நின்றேன், போன மழையில் இருமல் ஒரு மாதம் விடாமல் இருந்ததே, அதையும் எழுத வேண்டுமோ என்று. அவளுக்குப் போடும்போது நிற்கவே இல்லை. அவளுக்கு என்ன, சர்க்கரை, அது முதலிலேயே எழுதிக் கொடுத்தது, வேறென்ன, ஒன்றுமில்லை, டிக். நாற்பத்தோரு வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிறவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுத எனக்கு அரை விநாடி ஆனது. இப்போது ஃபோன் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஹபீபா பேசிவிட்டு வைத்துவிட்டாள், அவள் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள், தான் என்ன சொன்னோம் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. பிரஷர் மாத்திரை காலையில் போட்டேனே, போட்டேனா, போட்டேன், செசிலிதான் எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் டம்ளரோடு, எந்தக் கையால் கொடுத்தாள்.

வரிசையாக யோசி, சூசை. நடந்ததை நடந்தபடி யோசி. இன்று புதன்கிழமை, செப்டம்பர் இருபத்தேழு. செசிலி பத்து மணிக்கு நவநாள் பூசைக்குப் போனாள், வரும்போது மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு பன்னிரண்டுக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள், குக்கர்ல பருப்பு இருக்கு, பதினோரு மணிக்கு அடுப்பைப் பத்தவைங்க, மூணு விசில் வந்ததும் நிறுத்திடுங்க, மறந்துடாதீங்க என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டு இந்தக் காகிதங்களை விரித்தேன். போன வருஷமும் இதே மாதத்தில் வந்த இன்ஷூரன்ஸ் கடிதம்தான், ஆனால் இந்த வருஷம் ஆறு பக்கம். நாங்கள் இருக்கிற திட்டத்தையே நிறுத்திவிட்டு வேறு பெயரில் ஒன்று கொண்டுவருகிறார்களாம், அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு கைப்பணம் போட வேண்டுமாம், அறை வாடகைக்கு உச்சவரம்பாம். செசிலிக்கு அறுபத்தைந்து முடிந்ததே இந்த ஜூலையில்தான், பிறந்தநாள் வாழ்த்து மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். இதைவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று நினைத்தேன். மாறுவதென்றால் பாலிசி முடிகிற தேதிக்கு நாற்பத்தைந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், நம்முடைய தேதி நவம்பர் பதினெட்டு, ஆகவே அடுத்த புதனோடு கெடு முடிகிறது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்தேன். உட்கார்ந்து அந்த உடல்நிலைக் கேள்விக்கு டிக் போட்டுவிட்டு, மாறினால் பழைய இரண்டு வருஷமும் கணக்கில் வருமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எங்கள் ஏஜென்ட் ஹபீபாவைக் கூப்பிட்டேன். நல்ல பெண், எப்போது கூப்பிட்டாலும் எடுக்கும்.

"மாறலாம் சார், பழைய வருஷமெல்லாம் சேர்த்துக்குவாங்க, ஆனா புதுசா ஏதாவது வியாதி இருந்தா அவங்க யோசிப்பாங்க. உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணும் இல்லைல்ல, அப்ப பயமில்லை." ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்போதுதான் அவள், "ஆமா சார், அம்மாவோட ஃப்ரெண்ட் ஒருத்தங்களுக்கு கேட்டாங்களே, கோயில்ல கூடப் பாடுறவங்கன்னு, மார்ல கட்டின்னு, அவங்க எப்படி இருக்காங்க? மார்ச்சுல ஒரு தடவை கேட்டாங்க, ஆகஸ்ட்டுல ஒரு தடவை கேட்டாங்க. பாவம், அவங்களும் நம்ம ப்ளான்தானாம். அதிசயம் பாருங்க, அவங்க பாலிசித் தேதியும் நவம்பர் பதினெட்டாம்" என்றாள். நான் என்ன பதில் சொன்னேன்? ஏதோ சொன்னேன். "நல்லா இருக்காங்கம்மா" என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வாய் தன்னால் சொன்னது. ஹபீபா, "சரி சார், ஃபாரத்தை முடிச்சு வைங்க, நான் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் பதினெட்டு. யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் நவம்பர் பதினெட்டு. வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது, ஊரில் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். கோயிலில் கூடப் பாடுகிறவள், யார், விக்டோரியாவா, அவளுக்கு வயது நாற்பதுகூட இருக்காது, அவள் புருஷன் ரயில்வே, அவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி. பாத்திமா டீச்சரா, அவள் அரசாங்க பென்ஷன். வேறு யார், நாலே பேர் பாடுகிறார்கள் அங்கே, அதில் செசிலி ஒருத்தி. பாடினாள் என்று சொல்ல வேண்டும், ஈஸ்டருக்குப் பிறகு அவள் பாடகர் மாடத்தில் ஏறிப் பாடப் போவதில்லை, கீழே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறாள், கேட்டதற்கு மூச்சு வாங்குதுங்க என்றாள், நானும் சர்க்கரை என்று விட்டுவிட்டேன். எதைக் கேட்டாலும் சர்க்கரை என்று விட்டுவிட வசதியாக அது ஒன்று இருந்தது. ஈஸ்டர் அன்று மகள் ரெஜினா பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள், சின்னப் பேத்தி ஓடிவந்து பாட்டி என்று மேலே விழுந்தபோது இவள் 'அம்மா' என்று கத்தினாள், வீடே திரும்பிப் பார்த்தது, பிள்ளை பயந்து அழுதுவிட்டது, இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முட்டிடி தங்கம், பாட்டிக்கு முட்டி வலி என்றாள். நான்தான் தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். முழங்காலில். அவளும் தேய்க்கவிட்டாள். கால்மணி நேரம் நான் நல்ல காலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, போதுங்க, குறைஞ்சிடுச்சு என்று சொன்னாள்.

ஒரு விசில். அதை எண்ண வேண்டும். இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன், முன்னால் ஒன்று வந்ததா. மே மாதம் நான் முழு உடல் பரிசோதனைக்குப் போனேன், சலுகையில் ஜோடியாக எடுத்தால் குறைவு என்றார்கள், செசிலியையும் வா என்றேன், அவள், எனக்குச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதும், மீதியெல்லாம் எதுக்கு, ஊசி குத்திக் குத்தி என்று வரமாட்டேன் என்றுவிட்டாள். கஞ்சம் என்று நான் அவளைக் கேலி செய்தேன். இரவில் இந்தப் பக்கம் திரும்பிப் படுப்பவள் எப்போதிருந்து அந்தப் பக்கம் திரும்பினாள்? ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்றாள், நான் ஃபேனைக் குறைத்தேன், அப்போதும் அவள் திரும்பவில்லை, சரி வயதாகிவிட்டது, யார் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்தால் என்ன என்று நானும் தூங்கிவிட்டேன். ரவிக்கையெல்லாம் பிரித்துத் தளர்த்தித் தைத்தாளே, மெஷினில் உட்கார்ந்து ஒரு வாரம். குண்டாகிவிட்டேன் என்றாள். எங்கே குண்டானாள், கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், கன்னத்தைப் பார்க்கவில்லையா நான்? பார்த்தேன். பார்த்து, சர்க்கரை மெலிந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன்.

முப்பத்தோரு வருஷம் துவாக்குடி ஃபேக்டரியில் எனக்கு என்ன வேலை? வெல்டிங் எக்ஸ்ரே பார்ப்பது. பாய்லர் குழாய்களைப் பற்றவைத்து அனுப்புவார்கள், வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும், படம் எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, தலைமுடி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான் இருக்கும், இளம் பையன்கள் பத்துத் தரம் பார்த்தும் விட்டுவிடுவார்கள், நான் ஒரு தரம் பார்த்து விரல் வைப்பேன், வெட்டு, மறுபடி பற்றவை என்பேன். மேனேஜர் என்னைப் பிறரிடம் அறிமுகம் செய்யும்போது, சூசையின் கண்ணுக்குத் தப்பாது என்பார். ரிடையர் ஆன அன்று அதையே கேடயத்தில் பொறித்துக் கொடுத்தார்கள், ஷோகேஸில் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, செசிலிதான் வாரம் ஒரு தரம் துடைக்கிறாள். தூக்கிப் போட வேண்டும் அதை. காலண்டர், அதுவும் இப்போதுதான் உறைக்கிறது. தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது எப்போதும் என் வேலை, பல் துலக்கியதும் அதுதான் முதல் காரியம். இந்த வருஷம் நான் எழுந்து வருவதற்கு முன்னாலேயே கிழிந்திருக்கிறது. என்ன செசிலி, இவ்வளவு அவசரம் என்று ஒரு நாள் கேட்டேன், நாள் போகணும்ல என்றாள். நாள் போக வேண்டும். ஆண்டவரே, அறுபத்தைந்து வயதில் எவளாவது நாள் போக வேண்டும் என்பாளா, எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஆனால் ஏன்? கட்டி என்றால் டாக்டரிடம் போவதுதானே, என்னிடம் சொல்வதுதானே, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, பாலிசித் தேதியை எதற்குச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு இருக்கும்போதே தெரிந்துவிட்டது, தெரியாமல் எங்கே போகும், சொன்னதே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை மருமகன் ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம், அவன் வேலை மாறினான், புது இடத்தில் பெற்றோர் மாமனார் மாமியாரெல்லாம் கிடையாது என்றார்கள். ஹபீபாவைப் பிடித்து இந்தப் பாலிசியை எடுத்தேன். முதல் இரண்டு வருஷத்துக்குச் சில வியாதிகளுக்குப் பணம் தரமாட்டார்கள், காத்திருப்புக் காலம் என்று பெயர், கண்புரை, குடலிறக்கம், மூட்டு, கட்டிகள் என்று ஒரு பட்டியல், அதை நான்தான் அவளுக்கு வாய்விட்டு வாசித்துத் தமிழில் சொன்னேன். பாலிசி அட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் லேமினேட் செய்துகொண்டு வந்து ஒன்றை அவள் கையில் கொடுத்து, "செசிலி, ரெண்டு வருஷத்துக்கு எதையும் கிட்ட வரவிடாதே, அதுக்கப்புறம் எது வேணும்னாலும் வரட்டும், ராணி மாதிரி போய்ப் படுத்துக்கலாம்" என்றேன். சிரித்தாள். மட்டன் குழம்பு அன்றைக்கு. அதோடு விட்டேனா? பக்கத்து ப்ளாக் தங்கசாமி பதினெட்டாவது மாதத்தில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு, பணம் தரமாட்டோம் என்று கடிதம் வந்து, ஊர் முழுக்கப் புலம்பினாரே, அவரை எத்தனை பேரிடம் கேலி பேசினேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கலாம்ல, மடையன் என்றேன். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கருகுகிற வாடை. ஓடினேன், மூன்று விசிலாவது பத்து விசிலாவது, குக்கர் விசிலே இல்லாமல் சீறிக்கொண்டிருந்தது, அணைத்தேன். பருப்பு அடிப்பிடித்திருக்கும். அடுப்படியில் நிற்கும்போது அண்ணி ஞாபகம் வந்தது, என் பெரியண்ணன் மனைவி மதலைமேரி, அவளுக்கும் இதுதான், கட்டி தெரிந்த ஆறாவது மாதத்திலேயே எலும்புக்குப் போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள், கடைசியில் ஒரு துணித்தொப்பி போட்டுக்கொண்டு கட்டிலில், எங்களைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் சிரமம் என்றாள். செசிலிதான் அவளைக் குளிப்பாட்டினாள், இரண்டு மாதம். ஆகவே செசிலிக்குத் தெரியும். கட்டி என்றால் என்ன என்று தெரிந்துதான் நாளைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரியாத்தனமாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிராது. ஒருவேளை சாதாரணக் கட்டியாக இருக்கலாம். கொழுப்புக் கட்டி. எத்தனை பேருக்கு வருகிறது, என் முதுகிலேயே ஒன்று இருக்கிறது. ஹபீபாவிடம் கேட்டால் தெரியும், அவளிடம் என்ன கேட்பது, அவள் டாக்டரா, இல்லை, ஆனால் பட்டியலைக் கேட்கலாம், பட்டியலில் 'கட்டிகள்' என்று நான் வாசித்ததற்கு முன்னால் வேறு ஒரு வார்த்தை இருந்ததோ. பீரோவைத் திறந்து பழைய பாலிசிப் புத்தகத்தை எடுத்தேன், எழுத்து எறும்பு மாதிரி, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். இருந்தது. புற்றல்லாத கட்டிகள் என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. நான் வாசித்தபோது 'புற்றல்லாத' என்பதை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். முக்கியமில்லை என்று நினைத்திருப்பேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றுகூட நினைத்திருப்பேன், ஞாபகமில்லை.

மறுபடி ஹபீபாவைக் கூப்பிட்டேன். குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "ஏம்மா, அந்த ஃப்ரெண்டுக்கு, அது சாதாரணக் கட்டி இல்லாம, அந்த மாதிரி இருந்ததுன்னா, அப்பவும் ரெண்டு வருஷம் காத்திருக்கணுமா?" "இல்லியே சார். கேன்சர் அந்த ரெண்டு வருஷப் பட்டியல்லயே கிடையாது. பாலிசி எடுத்து முதல் முப்பது நாள் தாண்டிட்டா, அதுக்கப்புறம் புதுசா எப்ப வந்தாலும் உண்டு. ஏன் சார், அவங்களுக்கு அப்படியா? அம்மா வெறும் கட்டின்னுதானே கேட்டாங்க, நானும் கட்டிக்கு ரெண்டு வருஷம்மா, நவம்பர் பதினெட்டுக்கப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட காட்டினாங்களான்னுகூட நான் கேக்கலை." ஃபோனில் அவளுக்குப் பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது, ஹாரன், யாரோ கத்துவது. பிறகு மெதுவாக, "சார், அது அம்மாவா?" என்றாள். நான் பாலிசிப் புத்தகத்தை மூடி வைத்தேன். "நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன் சார். சார், இருக்கீங்களா? முதல் நாளே போயிருக்கலாமே சார். ஒரு தடையும் இருந்திருக்காதே. யா அல்லாஹ், நான் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண், என் மகளைவிடச் சின்னவள், ரோட்டோரம் நின்று அழுகிறாள், நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன், உன் தப்பு இல்லைம்மா, உன் தப்பு இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். அழுகையை நிறுத்திக்கொண்டு அவள்தான் காரியமாகப் பேசினாள். "இப்ப வேற கம்பெனிக்கு மாற வேண்டாம் சார், அந்த ஃபாரத்தைக் கிழிச்சிடுங்க. இதே பாலிசியில இருங்க, ஒரு நாள்கூட விடாம புதுப்பிச்சிடலாம், அதை நான் பாத்துக்கிறேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. எப்ப கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க, அதனால ஒண்ணும் கெட்டுடாது." சரி என்றேன்.

முதல் நாளே போயிருக்கலாம். மார்ச்சில் கேட்டிருக்கிறாள், அப்படியானால் மார்ச்சுக்கு முன்னால். மார்ச், ஏப்ரல், மே, விரலை மடக்கினேன், செப்டம்பருக்கு வந்தபோது அடுத்த கைக்குப் போயிருந்தேன். ஒருத்தி இவ்வளவு மாதம் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது இல்லவே இல்லை. அங்கே சுவரே இல்லை. திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே நின்று, கதவு திறக்கட்டும் திறக்கட்டும் என்று நின்றிருக்கிறாள். பெட்ரூமில் போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், அவளுடைய தலையணையைத் தூக்கிப் பார்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை, ஜெபமாலை மட்டும் இருந்தது. அவள் வந்ததும் கத்த வேண்டும்போல் இருந்தது, என்னடி நினைச்சுக்கிட்டிருக்கே, நான் யாரு உனக்கு என்று. பிறகு, கத்துகிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது என்று இருந்தது. பிறகு, வந்ததும் உண்மையைச் சொல்ல வேண்டுமே, காத்திருந்தது வீண் என்று சொல்ல வேண்டுமே, அதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் முடிவில் அந்த இடத்துக்குத்தானே வர வேண்டும் என்று இருந்தது. அண்ணியைக் குளிப்பாட்டியவள். கணக்குப் போட அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு மாதத்தையும் திரும்ப எடுத்து வைத்துப் பார்ப்பாள், இந்த மாதம் போயிருந்தால், அந்த மாதம் போயிருந்தால் என்று, இனி எத்தனை நாள் இருந்தாலும் அந்த நாளெல்லாம் அதையேதான் பார்ப்பாள். வாசலில் சாவி திரும்பியது.

"பருப்பு பிடிச்சிருச்சா? வாடை கீழ வரைக்கும் வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வியர்த்திருந்தாள், பையில் முளைக்கீரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையை மேஜையில் வைத்துவிட்டு, "என்ன, இன்னும் எழுதி முடியலையா?" என்று காகிதங்களைப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். "ஹபீபா பேசிச்சு" என்றேன். "உன் ஃப்ரெண்ட் எப்படி இருக்காங்கன்னு கேட்டுச்சு." "எந்த ஃப்ரெண்டு?" "நவம்பர் பதினெட்டு" என்றேன், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கீரைக்கட்டை எடுத்து, நாரைப் பிரித்து, தாளில் பரப்பினாள். ஒரு கீரையைக் கிள்ளினாள், இன்னொன்றைக் கிள்ளினாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட தேதியைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். மறுக்கவில்லை. மறுப்பாள், மறுக்கட்டும், நான் நம்பிவிடுகிறேன் என்று உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "எப்ப இருந்து?" "தவக்காலத்துக்கு முன்னாடி. குளிக்கும்போது கையில தட்டுச்சு. புளியங்கொட்டை அளவு." "இப்ப?" அவள் அடுத்த கீரையை எடுத்துக் கிள்ளினாள்.

"ஏன் செசிலி எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன், கத்தவில்லை. "சொன்னா நீங்க நிப்பீங்களா? அன்னைக்கே இழுத்துட்டுப் போயிடுவீங்க. அவன் ரெண்டு வருஷம் ஆகலைன்னு கையை விரிச்சா, இந்த வீட்டை வித்துடுவீங்க. வித்துட்டுப் பொண்ணு வீட்ல போய் ஒண்டிக்கிட்டு நிப்பீங்க. நான் உங்களை அப்படிப் பார்க்கணுமா? கொஞ்ச மாசந்தானே, பொறுத்துக்கலாம்னு இருந்தேன். வலியெல்லாம் பெருசா இல்லைங்க. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்." பிறகு தலையை நிமிர்த்தி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "இனி என்ன, ஆயிடுச்சு. இன்னும் அம்பத்திரெண்டு நாள்தான். பத்தொன்பதாந் தேதி காலையில மொத ஆளா போய் நிப்போம். அதுவரைக்கும் சும்மா இருங்க, கெடுத்துடாதீங்க" என்றாள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பேரம் பேசுகிற முகம், பத்திரமாக ஒன்றைக் கடைசி வரை கொண்டுவந்துவிட்ட முகம். புற்றல்லாத என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்து நின்றது. மேஜையில் அந்த ஆறு பக்கக் கடிதம் கிடந்தது, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், இந்த ஆண்டு முதல் உங்கள் திட்டத்தில் மாற்றங்கள் என்று. கை தானாக அதை எடுத்தது.

"காத்திருக்க வேண்டாம். விதியை மாத்திட்டாங்க" என்றேன். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும், இருந்தாலும் விரலை ஒரு வரியின் கீழ் வைத்து, "இதோ பாரு, மூணாவது பக்கம். வயசானவங்களுக்குக் கட்டிக்கெல்லாம் காத்திருப்புக் காலம் இனிமே கிடையாதாம். இந்த மாசத்துல இருந்து. ஹபீபா அதைச் சொல்லத்தான் பேசிச்சு. இன்னைக்கே போகலாம்" என்றேன். என் விரல் இருந்த வரி அறை வாடகையைப் பற்றியது. செசிலி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று அந்த வரியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன், நாற்பத்தோரு வருஷத்தில் நான் சொன்ன பொய் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. "நிஜமாவா?" என்றாள். "நிஜமா." அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், விரலிடுக்கில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அம்பத்திரெண்டு நாள் மிச்சங்க" என்றாள். "அம்பத்திரெண்டு நாள்! நான் ஒம்பது வாரமா இதைத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன், நாளைக் கொஞ்சம் சுருக்கிக் குடு தாயேன்னு. சுருக்கிட்டா பாத்தீங்களா." என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள், மார்பு படாமல், ஓரமாக நின்று. நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். தலைமுடியில் சாம்பிராணி வாசம். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவள் கீரையைத் தாளோடு சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள், முகம் கழுவினாள், வேறு புடவை எடுத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அல்ல, கல்யாணத்துக்குப் போவதற்கு எடுப்பதுபோல் இரண்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். நான் ஆட்டோவுக்குச் சொன்னேன், அட்டைகள் இரண்டையும் சட்டைப் பையில் வைத்தேன், டிக் போட்ட ஃபாரத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ரெஜினாவிடம் டாக்டர் பார்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே, பல நாளைக்குப் பிறகு கேட்கிற குரலில், "ஏங்க, போற வழியில அந்த ஹபீபா பொண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுத் தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்றாள். "அது மட்டும் தேதியெல்லாம் பொறுமையா சொல்லலைன்னா நான் அவசரப்பட்டு அப்பவே போய்க் காரியத்தைக் கெடுத்திருப்பேன்."

"சொல்றேன்" என்றேன்.